ஐந்தாம் படியில் படுத்திருந்தவர்

ஸ்ரீ:
மைசூர், அக்ரஹாரம்
3-11-1955

சௌபாக்கியவதி செலுவம்பாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை வத்ஸலாவும் பெருமாள் கிருபையில் சௌக்கியம். மூவரில் ஒருவருக்கு மானம் மட்டும் சற்றுப் பலவீனமாக இருக்கிறது, மற்றபடி உடம்பு கல்லுப் போல. அங்கே நீயும் மாப்பிள்ளையும் டில்லிக் குளிரும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு போகிறீர்கள் என்று நம்புகிறேன். அந்த மானக்கேட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், எதிராத்திலிருந்து யாராவது உனக்கு எழுதுவதற்குள். இந்த நவராத்திரிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கொலுவில் உன் அப்பாவைப் பொம்மையாக வைத்துவிட்டார்கள். நின்ற திருக்கோலம் இல்லை, வீற்றிருந்த திருக்கோலமும் இல்லை, கிடந்த திருக்கோலம். அதுவும் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெருமாள் போல அறிதுயில் என்று நினைத்துவிடாதே. வாயைத் திறந்துகொண்டு, தலைப்பாகை ஒரு பக்கம் சரிய, மத்தியானப் பீரியடில் வாத்தியார் தூங்குகிற தூக்கம். பாதி ஊர் வந்து கையில் சுண்டலோடு பார்த்துவிட்டுப் போயிற்று. காப்பிப்பொடிக் கடை சக்ரபாணி இப்போதும் காலையில் நான் கடை வாசலில் காலை வைத்தால், வாரும் ஓய், எழுந்தாயிற்றா, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காக அரைத்துத் தரட்டுமா என்கிறார்.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாயே, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், பெண்கள் வந்து நீங்கள் எந்தக் கட்சி டீச்சர் என்று கேட்டால் என்ன சொல்வது என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கதை, பொறுமையாகப் படி. மாகாணங்களை பாஷைப்படி பிரித்துச் சேர்க்கிற கமிஷனின் அறிக்கை பேப்பரில் வந்ததிலிருந்து இந்த ஊர் இரண்டாகக் கிடக்கிறது. தார்வார் பம்பாயிடம் இருக்கிறது, மங்களூர் மதராஸிடம் இருக்கிறது, பீதரும் ராய்ச்சூரும் ஹைதராபாத்திடம் இருக்கின்றன, கன்னடம் பேசுகிற சீமை எல்லாம் சேர்ந்து ஒரே ராஜ்யமாக வேண்டும் என்று ஒரு கட்சி. மைசூர் மைசூராகவே இருக்கட்டும், நம் அணை, நம் விளக்கு, நம் பள்ளிக்கூடம், இதை எதற்கு இன்னொருவரோடு பங்கு போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குக் கட்சி கிடையாது, அதனால் எங்கள் வாத்தியார் அறையில் எல்லோரும் பேப்பரில் மழை அளவு போடுகிற பக்கத்தை மட்டும் உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தோம். எனக்கோ இரட்டை ஜாக்கிரதை. சேரட்டும் என்றால் தமிழனுக்கு இதிலே என்ன வந்தது என்பார்கள், வேண்டாம் என்றால் தமிழன் வேறு எப்படிப் பேசுவான் என்பார்கள். ஆகவே நான் கொஞ்ச நாளாக இரண்டு பக்கமும் இல்லாமல் தலையை ஆட்டப் பழகி, அதில் நல்ல தேர்ச்சியும் அடைந்திருந்தேன். அதுதான் வினையாக முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் இரண்டு கட்சிக்கும் தலைவிகள் யார் தெரியுமா. சேரவேண்டும் கட்சிக்கு ரோசலின், ஆஸ்பத்திரி நர்ஸ் மோலியம்மாவின் பெண், மாதா கோவிலில் தமிழில் ஜெபம் சொல்லிவிட்டு நேரே வந்து தார்வாருக்காகக் கண் கலங்குகிறவள். தனியே இருக்கவேண்டும் கட்சிக்கு, வேறு யார், உனக்கு எழுதும் தமிழையே கன்னட எழுத்தில் எழுதுகிற நம் வத்ஸலாதான். கன்னடத்துப் பெண்கள் எல்லாம் இந்த இரண்டு தமிழ்க் குட்டிகளுக்குப் பின்னால். இரண்டு பேரும் முதல் பாரத்திலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே தயிர்சாதம், ஒரே சண்டை. அறிக்கை வந்த வாரத்தில் ஒரு நாள் நான் கரும்பலகையில் காவேரியை குடகிலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் என் மேஜைக்கு வந்து, சார், நாங்க ரெண்டு கட்சியும் ரோட்டுக்குப் போய் நின்னு எங்க பக்கத்தைச் சொல்லப் போறோம், போகலாமா என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வத்ஸலாவுக்கும் நான் சார்தான். கையில் சாக்பீஸ், நதி பாதி வழியில் நிற்கிறது, அப்போது என் தலை ஆடிற்று. எப்படி ஆடிற்று என்று இன்று வரை எனக்கே நிச்சயமில்லை. பெண்கள் ஒரு நொடி என் தலையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தாங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வகுப்பையே கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி, நடுவே ஜட்காக்கள் போக வழி விட்டு, மத்தியான மணி அடிக்கும் வரை கத்தினார்கள். மணி அடித்ததும் வந்து ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

யாரோ புண்ணியவான் மேலே எழுதிப் போட்டுவிட்டான். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அரசியல், தலைவிகள் யார், அவர்களுக்கு டி.சி. கொடுத்து அனுப்பு, விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவார் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் கமலம்மாளுக்கு உத்தரவு. மார்ச்சில் பரீட்சை. ஒழுங்கீனம் என்று எழுதிய டி.சி.யை எடுத்துக்கொண்டு போனால் எந்தப் பள்ளிக்கூடம் வாசலில் சேர்க்கும். வத்ஸலாவுக்காவது தகப்பன் என்று ஒருவன் இருக்கிறேன். ரோசலினுக்கு அவள் அம்மாவின் நைட் டியூட்டிதான் சொத்து, பெண்ணை டாக்டருக்குப் படிக்க வைக்கவேண்டும் என்று அந்த அம்மாள் கண் விழித்தே பாதி ஆயுசைக் கழித்துவிட்டாள். கமலம்மாள் என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தானே அந்தப் பீரியடு, அனுமதி கொடுத்தீர்களா என்று கேட்டாள். அந்த அம்மாள் குடையை விரிக்காமலே மழையை நிறுத்தக்கூடியவள், உனக்குத் தெரியும். அம்மா, நான் போர்டைப் பார்த்து நதி வரைந்துகொண்டிருந்தேன் என்றேன். அட்சரம் அட்சரமாக உண்மை. கொடுத்தேன் என்று சொன்னால் வேலை போகும், பென்ஷன் போகும், போதாததற்குப் பெண்ணைக் காப்பாற்றத் தகப்பன் சொல்லும் பொய் என்பார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்துக்கொண்டேன். வத்ஸலா வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமலிருந்ததுதான் சாத்தமுதில் உப்பு இல்லாதது போல் தினமும் தெரிந்தது.

பெண்களின் சூட்டைத் தணிக்கக் கமலம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட ஹாலில் வருஷா வருஷம் பெரிய வகுப்புப் பெண்கள்தானே கொலு வைப்பது, இந்தத் தடவை இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரே கொலுவாக வைக்கட்டும், ஆனால் பள்ளிக்கூட எல்லைக்குள் எந்தப் பெண்ணும் தன் கட்சிக்காக வாய் திறக்கக் கூடாது என்று நோட்டீசு போட்டாள். யாருக்கு எந்த இடம் என்று கேள்வி வந்தது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, நடுநிலையாகப் பாதிப் படி அவர்களுக்கு, பாதிப் படி இவர்களுக்கு என்றேன். பேஷ் என்றாள் கமலம்மாள். மேல் பாதி யாருக்கு என்று சீட்டுப் போட்டு ரோசலினுக்கு விழுந்து, எல்லாம் முடிந்து கைதட்டுகிற சமயம் முதல் பாரத்துப் பெண் ஒருத்தி, சார், ஒன்பது படிலே பாதி எது சார் என்று கேட்டாள். கொலுப்படி ஒற்றைப்படையாகத்தான் இருக்கும் என்று பிறந்தது முதல் தெரிந்த நாங்கள் இரண்டு பேர், ஒரு பட்டதாரி அம்மாளும் ஒரு ஜாக்ரபி மேஷ்டரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேலே நாலு, கீழே நாலு, நடுவில் ஐந்தாம் படிக்கு உடனே சண்டை. கமலம்மாள் மேஜையைத் தட்டி, நடுப்படி பள்ளிக்கூடத்துடையது, பள்ளிக்கூடத்துக்குக் கட்சி இல்லை, அது காலியாக இருக்கட்டும் என்றாள். கொலுவில் ஒரு படியைக் காலியாக விட்டால் ஆகுமா அம்மா என்று ஆயாவே கேட்டுவிட்டாள். சரி, எந்தக் கட்சியும் இல்லாத ஒன்றை வையுங்கள் என்று தீர்ப்பாயிற்று. பொம்மைப் பெட்டியை மாடி அறையிலிருந்து தூக்கிவரும் கைங்கரியத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைசிப் படிக்கட்டில் லேசாகக் கை நழுவிற்று, திறந்து பார்த்தேன், சுவாமிகளுக்கெல்லாம் தலை இருந்தது, மூடிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் ஹால் கதவைத் திறந்தார்கள். செலுவி, உன் அப்பா எதையும் கேலி செய்யாமல் பார்த்ததில்லை என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. மேலே நாலு படியில் ஒரு கல்யாணத்துக்கு வருகிற பந்துக்கள் மாதிரி ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்பளி போர்த்திய பீதர்க்காரன், மீன் கூடையோடு மங்களூர்ப் பொம்மனாட்டி, பருத்தி வண்டியில் தார்வார்க் குடும்பம், எல்லாம் களிமண்ணும் கந்தலும், ஒவ்வொரு முகமும் வழி கேட்கிற முகம். கீழே நாலு படியில் அணைக்கட்டு, ஸ்லேட்டுத் துண்டுகளை அடுக்கிக் கட்டியது, நிஜத் தண்ணீர். அதன் கீழே கரும்பு, பட்டுப்பூச்சிக் கூடு, குட்டிக் குட்டியாக வீடுகள், டார்ச் பல்பு வைத்து ஒவ்வொன்றிலும் விளக்கு. இத்தனை வருஷம் நான் வரைபடத்தில் கலர் அடித்துக் காட்டிய தேசம் இதுதானா என்று வாய் பிளந்து நின்றேன். அப்புறம்தான் நடுப்படியைப் பார்த்தேன். மேலே ஜனங்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், கீழே விளக்கு எரிகிறது, நடுவே அகலமான வெறும் படியில் ஒரே ஒருவர், சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, தர்பார்க்காரர் பொம்மை, மல்லாந்து படுத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறார். எந்தக் கட்சியும் இல்லாத ஒன்று. அந்தக் கோட்டை எனக்குத் தெரியாதா, அந்தத் தலைப்பாகைச் சரிவு என்னுடையது இல்லையா. அதை உடனே எடுக்கச் சொல்ல வாய் வந்தது, ஆனால் வைத்த கொலுவை விஜயதசமிக்கு முன்னால் யார் தொடுவார்கள். கமலம்மாளிடம் போய், பார்த்தீர்களா அம்மா, என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள் என்றேன். சக்ரபாணியிடமும் சொன்னேன். எதிராத்திலும் சொன்னேன். சொல்லாமலிருந்தால் யாருக்கும் தோன்றியிருக்காதோ என்னவோ, ஆனால் இப்படி ஒரு அவமானத்தைத் தனியாக வைத்துக்கொள்ள என்னால் ஆகுமா.

அதற்கு மேல்தான் அதிசயம். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா, ஆனால் தன் கட்சிக்காகப் பேசக் கூடாது என்று நோட்டீசு இருக்கிறதே. இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஆளை மாற்றி நின்றார்கள். அடுத்த கட்சிக்காகப் பேசக் கூடாது என்று நோட்டீசில் எங்கே இருக்கிறது. வத்ஸலா மேல் நாலு படிக்கு நின்று, ஒரே தாய் வயிற்றில் பிறந்து நாலு வீட்டில் வளர்ந்த குழந்தைகள் இவர்கள், கோர்ட்டில் இவர்கள் பாஷை தெரியாது, ஸ்கூலில் இவர்கள் பாஷை கிடையாது, திரும்பி வர வழி கேட்கிறார்கள், கதவைத் திறக்கலாமா என்று யோசிக்கிறோமே, நமக்கு என்ன தைரியம் என்று கன்னடத்தில் சொல்கிறாள். வீட்டில் இதற்கு நேர் எதிராக என் காதைத் துளைத்தவள் இவள்தானா என்று கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். கீழே ரோசலின் நின்று, இந்த அணைக்குக் கல் சுமந்தவங்க கை இன்னும் காய்ச்சிப் போயிருக்கு, விளக்கு வாங்க ஒரு தலைமுறை காத்திருந்தாங்க, பந்தியிலே இத்தனை இலை போட்டா சாதம் போதுமான்னு சமைச்சவங்க கேட்டா அது பேராசை இல்லை, பயம் என்று சொல்கிறாள். அவளே ரோட்டில் நின்று கேலி செய்த பயம் அது. எதிர்க் கட்சியை இவ்வளவு நியாயமாகச் சொல்லத் தெரியவேண்டுமானால் எத்தனை நாள் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். சண்டை போடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷமாக நடுநிலை என்று நான் காப்பாற்றி வந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும்தான் என்று அந்த ஹாலில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் பசவராஜ் மகாநவமிக்கு முன் தினம் வந்தார், குடும்பத்துக்குத் தசரா காட்டினது போலவும் ஆயிற்று, விசாரணையும் ஆயிற்று. நல்ல மனுஷர், பெருத்த மீசை. இரண்டு பெண்களும் சொன்னதை முதலிலிருந்து கேட்டார், மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார், அவர் சம்சாரம் மேல் படிக்கும் அழுதாள், கீழ்ப் படிக்கும் அழுதாள். கடைசியில் அவர் கமலம்மாளைப் பார்த்து, இவர்களில் யார் எந்தக் கட்சி அம்மா என்று கேட்டார். கமலம்மாள் கொலுவைப் பார்த்துக்கொண்டே, எனக்கும் இப்போது மறந்துவிட்டது ஸார் என்றாள், பொய்யே சொல்லாத அம்மாள். சரி, வகுப்பிலிருந்து வெளியே போக உத்தரவு கொடுத்தது யார், ஒருவரும் இல்லையென்றால் இவர்கள் தாங்களாகப் போனார்கள் என்றுதானே நான் எழுத வேண்டும் என்றார் பசவராஜ். ரோசலின் தன் காலைப் பார்த்தாள். வத்ஸலா என்னைப் பார்க்கவேயில்லை, பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். நான் பார்த்தது ஐந்தாம் படியை. அந்த மனிதர் இன்னும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இவர் எழுந்திருக்கப் போவதில்லை என்று தோன்றிற்று, சரி, நானாவது எழுந்திருக்கிறேன் என்று முன்னால் போய், என்னைக் கேட்டுக்கொண்டுதான் ஸார் போனார்கள், நான் தலையை ஆட்டினேன் என்றேன்.

ஹௌதா மேஷ்ட்ரே, அப்படியா, எப்படி ஆட்டினீர்கள், ஆட்டிக் காட்டுங்கள் என்றார். ஊர் முழுக்கப் பார்க்க ஆட்டிக் காட்டினேன். இது சரி என்றா, கூடாது என்றா என்றார். தெரியவில்லை ஸார் என்றேன். இன்னொரு தரம் என்றார். இன்னொரு தரம் ஆட்டினேன். அவர் சம்சாரம் சரி என்றுதான் தெரிகிறது என்றாள், ஆயா கூடாது என்று தெரிகிறது என்றாள், பின்னாலிருந்து சக்ரபாணி, கடன் கேட்டால் ஓய் இதே மாதிரிதான் என்றார், கொலு மண்டபமே சிரித்தது. பசவராஜும் சிரித்துவிட்டுத்தான் எழுதினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூடாது என்று ஆட்டியிருந்தால் பெண்கள் போயிருக்க மாட்டார்கள், சரி என்று ஆட்டியிருந்தால் உங்கள் வேலை போயிருக்கும், இரண்டும் இல்லை, அதனால் குண்டலுபேட்டை என்றார். பெண்களுக்கு எச்சரிக்கை மட்டும், டி.சி. இல்லை. எனக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து குண்டலுபேட்டை மிடில் ஸ்கூல். எல்லைத் தாலுகா, எந்தக் கட்சி ஜெயித்தாலும் எல்லை அங்கேயேதான் இருக்கும், அதற்கு நான் காவல்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். இடி விழும் என்று நினைத்தேன். அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, ஏன்னா, என்னைப் பெண் பார்க்க வந்தன்னிக்கும் இதே ஆட்டல்தான் ஆட்டினேள், எங்கப்பா சம்மதம்னு எடுத்துண்டார், அப்போ நிஜமா என்ன சொன்னேள், இப்பவாவது சொல்லுங்கோ என்றாள். ஸத்யபாமா என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். பரீட்சை முடியும் வரை அவளும் வத்ஸலாவும் இங்கேயே இருப்பார்கள், நான் தனியாகப் போய்ப் பொங்கித் தின்ன வேண்டியது. இதைக் கேட்டு மோலியம்மா தீபாராதனைத் தட்டைப் போல இரண்டு கையாலும் ஏந்தி ஒரு ஸ்பிரிட் ஸ்டவ் கொண்டுவந்தாள், ஆஸ்பத்திரியில் ஊசி கொதிக்க வைத்தது. உன் அம்மா அதைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தாள், வாசலில் வெயிலில் வைத்தாள், அப்புறம் மோலியம்மாவை உட்காரவைத்து அதே அடுப்பில் காப்பி போட்டுக் கொடுத்துத் தானும் குடித்தாள். நம்மாத்தில் இது நடந்தது என்று மேல்கோட்டை அத்தைக்கு எழுதிவிடாதே. அந்த அம்மாள் போகும்போது என்னைக் கும்பிட்டாள். எனக்குக் கூசிற்று. ஒரு தலையாட்டலைத் தலையாட்டல் என்று சொன்னதற்கு ஒரு கும்பிடு அதிகம்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில். எந்தக் கட்சி டீச்சர் என்று பெண்கள் கேட்டால் சொல்லாதே, அது நம் உப்புக்குத் துரோகம். ஆனால் வாயை மூடு என்றும் சொல்லாதே. நீ எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க் கட்சியை எனக்கு நியாயமாகச் சொல்லிக் காட்டு என்று அவர்களையே கேள். சொல்லிவிட்டார்களானால் அப்புறம் அவர்கள் ரோட்டுக்குப் போனாலும் பயம் இல்லை. அனுமதி கேட்டால் வாயால் பதில் சொல், தலை அசையவே கூடாது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் குளிர் என்று சாக்குச் சொல்லாதே, மாப்பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் நெய்யை நம்பி மைசூர்பாகு கிளறாதே, பார்சலில் வருகிறது. கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வை. பதிலை டிசம்பர் முதல் குண்டலுபேட்டை மிடில் ஸ்கூல் விலாசத்துக்குப் போடு, மறந்து இங்கே போட்டால் உன் அம்மா படித்துவிட்டு முக்கியமானதை மட்டும் எனக்கு எழுதுவாள். சீக்கிரம் ஒரு பேத்தியோ பேரனோ பெற்று, தீர்க்காயுசாக, ஊருக்கு உபகாரமாக இருவரும் இருக்க மேல்கோட்டைப் பெருமாள் செல்வப்பிள்ளை அனுக்ரஹிப்பார்.

இப்படிக்கு,
முழித்துக்கொண்டிருக்கும் உன் அப்பா,
சம்பத்குமார்

பி.கு. அக்காவுக்கு இரண்டு வரி எழுதடி என்று இதை வத்ஸலாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டுச் சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா, அது நீங்க இல்லேப்பா என்கிறாள். நான் பெட்டியை நழுவ விட்டேனே, அதில் தர்பார்ப் பொம்மைக்கு மூக்குக்குக் கீழே சாயம் பெயர்ந்து வாய் திறந்த மாதிரி ஆகி, கணுக்காலும் உடைந்துபோயிற்றாம். நிற்கவில்லையாம், அதனால் படுக்க வைத்தார்களாம்.